காலை எட்டு மணி ரத்தம்

டிசம்பர் ட்ரோம்சோவில்
எட்டு மணி என்பது கடிகாரத்தின் பேச்சு.
ஜன்னலைக் கேட்டால் இன்னும் யாமம்தான்.
ஹெர்பொர்க் வந்து ரப்பர் பட்டையை இறுக்குகிறாள்.
உடம்புக்குள் இந்நேரம் விடிந்திருக்க வேண்டுமாம்,
விடிந்ததா என்று பார்க்கத்தான்
இந்தச் சிறு குழாய்.

நேற்று மூக்கு வழியே போனார்கள்.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி,
அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது
ஒரு நெல்லிக்காய்.
இறக்கிவிட்டார்கள்.
நசுங்கிய பட்டாணி
ஓரமாய் ஒட்டிக் கிடக்கிறது, உரித்த தொலி போல.
அது எழுந்து
அட்ரினலுக்கு ஆளனுப்புமா,
தைராய்டைத் தட்டி எழுப்புமா
என்பதுதான் இப்போது கேள்வி.

பதினெட்டு வருடம் படகில் கார் அடுக்கியவள் நான்.
ஸ்வென்ஸ்பி துறையில் என் கை அசைந்தால் லாரி நகரும்.
செப்டம்பரில் ஒரு நாள்
நீட்டிய கைகளின் நுனி இரண்டும் எனக்கே தெரியவில்லை.
வேனின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்துவிட்டுப் போனது.
"குடித்திருக்கிறாயா, ஓட்னி?" என்றான் ஸ்டியூர்.
அதற்கு முன்பே களைப்பு. இருட்டுக் காலம் என்றார்கள்.
கோடையிலும் களைப்பு. வயது என்றார்கள்.
தூரம் நின்றது. அதற்கும் வயது.
நாற்பத்தொன்றில்.

டாக்டர் எய்லிவ் காகிதத்தில் இரண்டு கோடு போட்டார்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால்
மாத்திரை, அநேகமாக ஆயுளுக்கும்.
மேல்கோட்டைத் தாண்டினால் வெறுங்கையோடு வீட்டுக்கு.
"நடுவில் விழுந்தால்?"
பேனாவை மூடினார். திறந்தார்.
"உங்களைப் போன்ற நூறு பேரில்
எழுபது பேருக்குத் திரும்பி வரும்."
என்னைப் போன்ற நூறு பேரா?
நூறு ஓட்னிகள் ஒரே படகில் ஏறினால்
கரையில் நின்று கை காட்ட யார்?

பக்கத்துக் கட்டிலில் மாரெத்,
கௌதொகெய்னோவில் பள்ளிப் பஸ் ஓட்டுபவள்.
அவளுக்கு வந்த கட்டி வேறு வகை,
கையையும் காலையும் வளர்த்தது.
முதல் நாளே எண் இறங்கிவிட்டது, நல்ல அறிகுறி என்றார்கள்.
அவள் எண்ணை நம்பவில்லை.
நாற்பத்துமூன்றாம் அளவு பூட்ஸைக்
கட்டிலடியிலிருந்து இழுத்துப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள்,
தொளதொளக்கிறதா என்று.
இரவெல்லாம் இருவரும் முறைவைத்துச்
சிறுநீரை ஜாடியில் அளக்கிறோம்.
குடித்தது இவ்வளவு, போனது இவ்வளவு.
தும்மக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது.
சிரிப்பைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை,
அதுதான் வலித்தது.

மதியம் எண் வந்தது.
இரண்டு கோட்டுக்கும் நடுவில்,
யாரோ ஸ்கேல் பிடித்து வைத்ததுபோல.

ஆறு வாரம் விடியலைத் தண்ணீரோடு விழுங்கினேன்,
காலையில் ஒன்று, மதியம் அரை.
காய்ச்சல் வந்தால் இரட்டி.
ஜாக்கெட்டின் ஒரு பையில் விசில்,
மற்றதில் அவசர ஊசி.

ஜனவரி கடைசியில் மறுபடி எட்டு மணி,
மாத்திரை போடாத காலை.
மருந்தை ஏற்றிவிட்டு அரை மணி காத்திருக்கச் சொன்னார்கள்.
அன்றைக்குத்தான் ஊருக்குச் சூரியன் திரும்ப வேண்டும்.
ஒரே மேகம்.
வந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது,
அதை நம்பிப் பிள்ளைகள் ஜாம் பன் தின்றார்கள்.

எய்லிவ் போன் செய்தபோது துறையில் நின்றிருந்தேன்.
அட்ரினல் விழித்துக்கொண்டது.
தைராய்டு இல்லை, அந்த மாத்திரை தொடரும்.
எழுபதிலும் இருக்கிறேன் போல, முப்பதிலும்.
"ஊசியை எறிந்துவிடலாமா?"
"கொஞ்ச நாள் இருக்கட்டும்."

படகு வாயைத் திறந்தது.
முதல் லாரி உறுமியது.
அத்தனை வாரம் செத்துக் கிடந்த மூக்கில்
டீசல்,
கறுப்பாய், காரமாய், முழுசாய்.
மூக்கைப் பற்றி எந்த எண்ணையும்
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு கையையும் அகல நீட்டினேன்.
இடது நுனி தெரிந்தது.
வலது நுனியில் கையுறையின் ஓட்டை தெரிந்தது.
லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான்.